முதலில் கொப்பி, பிறகு நூல்
பின்னல் வேலை செய்யும் சகோதரிகளுக்குச் சில கணக்குகள்

கேகாலை நகரத்தில் நாம் பஸ்ஸை விட்டு இறங்கியபோது காலை ஒன்பதரை மணி இருக்கும். ஐந்து பேர் போயிருந்தோம். முதல் நாள் இரவு முழுவதும் மழை. பட்டை நனைந்திருந்தால் றப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது என்பது சப்ரகமுவத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். பால் வெட்டு இல்லை என்றால் அன்றைக்குப் பேரும் இல்லை. "பேர் இல்லாத நாள் தானே மிஸ், டவுனுக்குப் போய் நூல் வாங்கிட்டு வந்திருவோம்" என்று குழுவில் ஒரு தங்கச்சி சொன்னாள். அப்படித்தான் புறப்பட்டோம்.

எமது பின்னல் குழுவில் பதினொரு பெண்கள் இருக்கிறார்கள். சிலர் தோட்டத்திலேயே இருந்தவர்கள். சிலர் வன்னிக்குப் போய், அங்கே யுத்தத்தில் அகப்பட்டு, மீண்டும் இங்கே வந்து சேர்ந்தவர்கள். 1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் சப்ரகமுவத் தோட்டங்களில் இருந்து பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பாதுகாப்புத் தேடிப் போனதை நீங்கள் அறிவீர்கள். பாதுகாப்பு என்று நினைத்துப் போன இடத்திலேயே திரும்பத் திரும்ப இடம்பெயர நேர்ந்தது. அவ்வாறு போன பெண்களும் போகாத பெண்களும் இப்போது ஒரே லயத்து வாசலில் உட்கார்ந்து பின்னுகிறார்கள்.

நூல் வாங்குவது என்ன பெரிய விடயமா என்று நீங்கள் கேட்கலாம். நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம். ஒரு தடவை நட்டப்பட்ட பிறகு தான் புத்தி வந்தது. அந்த அனுபவத்தையும், அதில் கற்றுக்கொண்ட கணக்குகளையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

கண்ணுக்குப் பிடித்த நூல்

முதல் தடவை நூல் வாங்கப் போனபோது எங்களிடம் எந்தத் திட்டமும் இருக்கவில்லை. கடையில் தட்டுத் தட்டாக நிறங்கள். ஒருத்தி ஊதாவை எடுத்தாள். இன்னொருத்தி கிளிப்பச்சை. கையில் இருந்த காசு முடியும் வரை வாங்கினோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் பதினான்கு உருண்டைகள், ஒன்பது நிறங்கள். எந்த நிறத்திலும் ஒரு பிள்ளைச் சுவெட்டருக்குப் போதுமான நூல் இல்லை. திரும்பக் கடைக்குப் போனால் அதே நிறம் கிடைக்கவில்லை. கிடைத்த ஒன்றும் கொஞ்சம் மங்கலாக இருந்தது. முன்பக்கம் ஒரு மஞ்சளும் கை வேறொரு மஞ்சளுமாக ஒரு சுவெட்டர் முடிந்தது. அதை யாரும் வாங்கவில்லை. மிச்ச நூல் கட்டிலுக்கு அடியில் பையில் கிடந்தது. மழைக்காலத்தில் ஈரம் பிடித்தது, எலியும் புகுந்தது.

ஏழைப் பெண்ணின் பையில் பயன்படாமல் கிடக்கும் நூல், முடங்கிப்போன காசு. அது அரிசியாகவோ பிள்ளையின் கொப்பியாகவோ ஆகியிருக்க வேண்டியது. ஆகையால் இந்தத் தடவை ஒவ்வொருத்தியும் நாற்பது பக்கக் கொப்பி ஒன்றை வாங்கி, திட்டத்தை எழுதி முடித்த பிறகே பஸ் ஏறினோம்.

கொப்பியில் என்ன எழுதுவது?

ஒரு பக்கத்தில் ஒரு பொருள் மட்டும் எழுதுங்கள். என்ன பின்னப் போகிறேன், யாருக்கு, எத்தனை வயது, என்ன அளவு, எப்போது கொடுக்க வேண்டும், என்ன நூல், எத்தனை கிராம், எந்த இலக்க ஊசி என்று வரிசையாக எழுத வேண்டும். பக்கத்தின் கீழே பாதி இடத்தை வெறுமையாக விடுங்கள். பின்னி முடிந்த பின், உண்மையில் எவ்வளவு நூல் போனது, எத்தனை மணித்தியாலம் எடுத்தது, என்ன விலைக்குக் கொடுத்தோம் என்பதை அங்கே எழுதலாம். நூலின் லேபலையும் ஒரு சிறு துண்டு நூலையும் அந்தப் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே நூல் வேண்டும் என்றால் கடைக்காரருக்குக் காட்ட அது உதவும்.

எழுத வாசிக்கத் தெரியாத அக்காமார் என்ன செய்வது? எமது குழுவில் இருவர் படம் கீறி வைத்திருக்கிறார்கள். ஒரு தொப்பிப் படம், பக்கத்தில் எத்தனை உருண்டையோ அத்தனை வட்டம். பிள்ளையின் அளவுக்கு ஒரு துண்டு நூலையே வெட்டி, மார்புச் சுற்றளவுக்கு ஒரு முடிச்சும் கை நீளத்துக்கு இரண்டு முடிச்சும் போட்டுக் கொப்பிக்குள் வைத்திருக்கிறார்கள். இதுவும் நல்ல கணக்கு தான்.

லேபலைப் படிப்போம்

நூல் உருண்டையைச் சுற்றியிருக்கும் கடதாசியைப் பலர் பிய்த்து எறிந்து விடுகிறார்கள். அதில் தான் எல்லாம் இருக்கிறது.

முதலாவது, எதனால் ஆன நூல் என்பது. எமது கடைகளில் "வூல் நூல்" என்று கேட்டால் தருவது பெரும்பாலும் அக்ரிலிக் தான். அது ஆட்டு ரோமம் அல்ல, இரசாயன முறையில் செய்யப்படும் செயற்கை நூல். கழுவ இலகு, விலை குறைவு, பூச்சி அரிக்காது. ஆனால் நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அதனால் சட்டி பிடிக்கும் துணி, அடுப்படிப் பாய் போன்றவற்றை அக்ரிலிக்கில் பின்னவே கூடாது. அவற்றுக்குப் பருத்தி நூல் தான் பொருத்தம். லேபல் இல்லாத நூல் என்றால் ஒரு சிறு துண்டைக் கொளுத்திப் பாருங்கள். உண்மையான கம்பளி என்றால் முடி கருகும் மணம் வரும், நெருப்பை எடுத்தவுடன் அணைந்துவிடும், சாம்பல் விரலால் நசுக்கினால் தூளாகும். பருத்தி கடதாசி எரியும் மணத்தோடு எரியும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கடினமான கறுப்பு மணியாகும்.

இரண்டாவது, நிற இலக்கமும் சாயம் போட்ட தொகுதியின் இலக்கமும். கடைக்காரர்கள் இதை "லொட் நம்பர்" என்பார்கள். ஒரே நிறமாக இருந்தாலும் வேறு வேறு தடவையில் சாயம் தோய்த்த நூலில் சிறு வித்தியாசம் இருக்கும். கடை வெளிச்சத்தில் அது தெரியாது. பின்னி முடித்து வெயிலில் பிடித்தால் கோடு போட்டது போலத் தெரியும். எமது மஞ்சள் சுவெட்டருக்கு நடந்தது அது தான். ஒரு பொருளுக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே லொட்டில், ஒரே நேரத்தில் வாங்க வேண்டும். முடியாவிட்டால் கையையும் கழுத்தையும் வேறு நிறத்தில் பின்னத் திட்டமிடுங்கள். அப்போது வித்தியாசம் குறையாகத் தெரியாது, அழகாகத் தெரியும்.

மூன்றாவது, ஊசி இலக்கம். பழைய முறையில் இலக்கம் கூடக் கூட ஊசி மெல்லியதாகும். 8ஆம் இலக்கம் 4 மில்லிமீற்றர், 10ஆம் இலக்கம் 3.25 மில்லிமீற்றர், 11ஆம் இலக்கம் 3 மில்லிமீற்றர். புதிய லேபல்களில் மில்லிமீற்றரே இருக்கும். எங்கள் குழுவில் ஓர் அக்கா மெனிக் பாம் முகாமில் இருந்தபோது சைக்கிள் சக்கரக் கம்பியைக் கல்லில் தேய்த்து ஊசி செய்தவர். அது ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் தான். அதில் பின்னிய குழந்தைக் காலுறை இறுக்கமாக, தடிப்பாக வந்ததன் காரணம் அவருக்கு இப்போது தான் புரிந்தது.

நான்காவது, நிறையும் நீளமும். இதில் தான் பலர் ஏமாறுகிறோம். பருத்தி பாரம் கூடிய நூல். ஒரே தடிப்பான நடுத்தர நூலில் 50 கிராம் அக்ரிலிக் ஏறத்தாழ 140 மீற்றர் வரும். 50 கிராம் பருத்தி 100 மீற்றர் அளவு தான் வரும். அக்ரிலிக்கில் இரண்டு உருண்டையில் முடிந்த ஒன்றுக்குப் பருத்தியில் மூன்று தேவைப்படலாம். கிராமை மட்டும் பார்க்காமல் மீற்றரையும் பாருங்கள்.

எவ்வளவு நூல் வேண்டும்?

நடுத்தரத் தடிப்புள்ள அக்ரிலிக் நூலுக்கு எமது கொப்பிகளில் இருந்து எடுத்த அளவு இது. பிறந்த குழந்தையின் தொப்பியும் காலுறையும் சேர்த்து 50 கிராம். மூன்று முதல் ஆறு மாதக் குழந்தையின் சுவெட்டருக்கு 100 முதல் 150 கிராம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு 200 முதல் 250 கிராம். வளர்ந்த பெண்ணுக்கு 400 முதல் 500 கிராம். பூ வேலை, கயிறு முறுக்கு வேலை இருந்தால் இன்னும் கூடும்.

ஆனால் ஒவ்வொருத்தியின் கையும் வேறு. ஒருத்தி இறுக்கிப் பின்னுவாள், மற்றவள் தளர்த்திப் பின்னுவாள். அதனால் பத்து சென்ரிமீற்றருக்குச் சற்றுப் பெரிதாக ஒரு மாதிரித் துண்டு பின்னிப் பார்க்க வேண்டும். அரை மணி வேலை தான். ஆனால் எல்லோரும் தவிர்ப்பது இதைத்தான். ஓர் உதாரணம் சொல்கிறேன். புத்தகத்தில் பத்து சென்ரிமீற்றருக்கு 22 கண்ணி என்று போட்டிருக்கிறது. 30 சென்ரிமீற்றர் அகலத்துக்கு 66 கண்ணி ஏற்றுகிறீர்கள். உங்கள் கை இறுக்கம், பத்து சென்ரிமீற்றருக்கு 24 கண்ணி வருகிறது. அப்படியானால் அந்த 66 கண்ணியும் 27.5 சென்ரிமீற்றர் தான் வரும். முன்னும் பின்னும் சேர்த்து 5 சென்ரிமீற்றர் குறைவு. பிள்ளைக்குப் போடவே முடியாது. இதற்கு நீங்கள் கண்ணியைக் கூட்டத் தேவையில்லை. ஓர் அளவு தடித்த ஊசிக்கு மாறினால் போதும்.

கடைசி வரியில் நூல் போதுமா என்ற பயம் எல்லோருக்கும் வரும். சாதாரணப் பின்னலில் ஒரு வரிக்கு அதன் அகலத்தைப் போல மூன்றரை மடங்கு நூல் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புக்கு நான்கு மடங்கு நீளம் கையில் இருந்தால் துணிந்து அடுத்த வரியைத் தொடங்கலாம்.

பழைய சுவெட்டரும் நூல் தான்

எமது மாவட்டத்திலேயே துல்ஹிரியவில் பெரிய நெசவாலை இருந்தது. அரசாங்க ஆலையாக இருந்து, பின்பு கொரிய நிறுவனம் ஒன்று நடத்தி, அதுவும் மூடப்பட்டு, 2000களின் நடுப்பகுதிக்குப் பின் அந்த இடம் ஆடைத்துறைக் கைத்தொழில் பேட்டையானது. ஆனால் கையால் பின்னும் நூல் எங்கள் கடைகளுக்குப் பெரும்பாலும் வெளிநாட்டில் இருந்து தான் வருகிறது. இந்தியாவின் லூதியானா நகரம் கம்பளி, அக்ரிலிக் நூலுக்குப் பேர் போனது. வெளியில் இருந்து வரும் பொருளின் விலை டொலரோடு ஏறும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. அந்த வருடம் நூல் கடைப் பக்கமே நாம் போகவில்லை.

அப்போது கைகொடுத்தது பழைய சுவெட்டர். ஹட்டன், நுவரெலியாப் பக்கம் குவியலில் விற்கும் பழைய கம்பளி உடுப்புகளில் நல்ல நூல் இருக்கும். வாங்கும்போது உள்பக்கத்தைத் திருப்பி மூட்டைப் பாருங்கள். வெட்டி ஓவர்லொக் அடித்திருந்தால் வேண்டாம். பிரித்தால் துண்டு துண்டாகத் தான் வரும். பின்னலின் ஓரம் முழுதாக இருந்து, சங்கிலி போலச் சேர்த்திருந்தால் வாங்கலாம். மூட்டைப் பிரித்து, கழுத்துப் பக்கத்தில் இருந்து உருவி, கதிரை முதுகில் சுற்றிச் சிட்டமாக எடுங்கள். நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு அலசி, கீழே ஒரு சிறு பாரம் தொங்கவிட்டு நிழலில் காய வையுங்கள். சுருள் போய்விடும்.

ஒன்று சொல்ல வேண்டும். எல்லாப் பழைய உடுப்பையும் பிரிக்க வேண்டும் என்பதில்லை. இல்லாமல் போன ஒருவர் போட்ட உடுப்பைப் பெட்டியில் வைத்திருக்கும் சகோதரிகள் நம்மில் பலர். அது நூல் அல்ல. அதை அப்படியே வைத்திருங்கள். யார் என்ன சொன்னாலும் அவசரப்பட வேண்டாம்.

யாருக்காகப் பின்னுகிறோம்?

கேகாலை வெப்பமும் ஈரமும் உள்ள இடம். இங்கே சுவெட்டர் போடுவோர் குறைவு. ஆனால் எட்டியாந்தோட்டையில் இருந்து ஒரே வீதியில் மேலே போனால் கித்துல்கலை, கினிகத்தேனை, ஹட்டன், நுவரெலியா. சில மணி நேரத்தில் குளிர் நாடு. அங்கே வருடக் கடைசியிலும் தை மாதத்திலும் குளிர் கூட. ஏப்ரலில் வசந்தகாலத்துக்கு வெளியூர்ச் சனம் வரும். அப்படியானால் புரட்டாதி, ஐப்பசியிலேயே நூல் வாங்கிப் பின்னத் தொடங்க வேண்டும். குளிர் வந்த பிறகு நூல் வாங்கினால் சுவெட்டர் முடியும்போது வெயில் வந்துவிடும்.

வன்னியிலும் மட்டக்களப்பிலும் இருக்கும் சகோதரிகள் கம்பளி நூலை விட்டுவிட்டு மெல்லிய பருத்தி நூலில் குறோசே வேலையைத் திட்டமிடலாம். மேசை விரிப்பு, தண்ணீர்க் குடத்து மூடி, பிள்ளைகளின் சட்டைக்கு ரேந்தைக் கழுத்து, கைப்பை போன்றவை எல்லாக் காலத்துக்கும் போகும். கொக்கி ஊசி ஒன்று தான் செலவு. இடையில் நிறுத்திவிட்டு எழும்பினாலும் ஒரு கண்ணி தான் அவிழும்.

குழந்தைப் பொருட்களுக்கு எங்கும் ஆள் உண்டு. ஆனால் கவனம் வேண்டும். கழுத்தைச் சுற்றி நாடா வைக்க வேண்டாம். பிடுங்கி வாயில் போடக்கூடிய பொத்தானும் மணியும் வேண்டாம். பெரிய ஓட்டைப் பூப்பின்னலில் குழந்தையின் விரல் மாட்டிக்கொள்ளும், நெருக்கமாகவே பின்னுங்கள்.

உழைப்புக்கு என்ன விலை?

நூல் விலையோடு ஐம்பது, நூறு ரூபா சேர்த்துக் கொடுத்துவிடுவது எங்கள் பழக்கமாக இருந்தது. "சும்மா இருக்கிற நேரம் தானே" என்று நாமே சொல்லிக்கொள்வோம். இந்தச் "சும்மா" என்ற சொல்லைப் பற்றி யோசித்துப் பாருங்கள்.

தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்ரெம்பரில் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. எட்டு மணித்தியாலத்துக்குப் பிரித்தால் மணிக்கு ஏறத்தாழ 169 ரூபா. இதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்வோம். உதாரணமாக, குழந்தைத் தொப்பியும் காலுறையும் பின்ன 7 மணித்தியாலம் என்று வையுங்கள். நூல் 400 ரூபா, நாடாவும் உறையும் 50, பஸ் காசில் பங்கு 50. கடைக்காரர் 900 ரூபா தருகிறார். செலவு 500 போக மிச்சம் 400. ஏழால் பிரித்தால் மணிக்கு 57 ரூபா தான். உண்மையை மறைக்கத் தேவையில்லை, கைப்பின்னல் பெரும்பாலும் நாட்சம்பளத்தை ஈடு செய்யாது. மழை நாளிலும் இரவிலும் வரும் பக்க வருமானம் அது. ஆனால் 57 என்று தெரிந்தால் தான் 100 ஆக்க வழி தேடலாம். நேரம் குறைந்த பொருளைத் தெரிவு செய்யலாம். பதினொரு பேர் சேர்ந்து புறக்கோட்டை கெய்சர் வீதி போன்ற மொத்த வியாபார இடத்தில் ஒரே தடவையில் வாங்கலாம். கடைக்காரருக்குக் கொடுக்காமல் கோயில் திருவிழாவில், பாடசாலை வாசலில் நேரே விற்கலாம்.

இந்தியாவில் ஆந்திராவின் நரசாப்பூரில் பல தலைமுறையாகப் பெண்கள் குறோசே ரேந்தை பின்னுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் கற்றுக்கொடுத்த வேலை அது. ஜெர்மனியைச் சேர்ந்த மரியா மீஸ் என்ற சமூகவியலாளர் அவர்களைப் பற்றி ஆராய்ந்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். வீட்டு வேலைக்கு மேலதிகமாக நாளுக்கு ஆறு முதல் எட்டு மணித்தியாலம் அவர்கள் பின்னினார்கள். ரேந்தை வெளிநாடு போனது, ஏற்றுமதியாளர்கள் வசதியானார்கள். பின்னிய பெண்களின் கூலியோ, பெண் விவசாயத் தொழிலாளருக்கு அரசு நிர்ணயித்த கூலியை விட மிகக் குறைவு. அவர்கள் "வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள்" என்று கணிக்கப்பட்டதே காரணம் என்று மீஸ் எடுத்துக்காட்டினார்.

இன்னோர் உதாரணம் நாகர்கோவிலில் இருந்து. 1820களின் தொடக்கத்தில் மார்த்தா மால்ட் அம்மையார் அங்கே ஏழைப் பெண்களுக்கு ரேந்தை வேலை கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா, கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்குப் போய் அங்கும் அதை வளர்த்தார். அடிமைமுறை இருந்த அந்தக் காலத்தில், ரேந்தை வருமானத்தைக் கொண்டு தம்மை மீட்டுக்கொண்ட பெண்களும் இருந்தார்கள். 1990களில் போருக்குப் பின் பொஸ்னியாவின் துஸ்லா நகரில் கணவரையும் வீட்டையும் இழந்த பெண்கள் கம்பளி பின்னி வெளிநாடுகளுக்கு விற்றார்கள். இதே வேலை ஓரிடத்தில் பெண்ணைக் கட்டிப்போட்டது, ஓரிடத்தில் அவிழ்த்துவிட்டது. கணக்கு யார் கையில் இருக்கிறது என்பதில் தான் வித்தியாசம்.

கடனில் நூல் வேண்டாம்

எமது பாட்டிமார் கொழுந்து பறிக்கும்போது மழைக்குத் தலையில் இருந்து முதுகுக்குத் தொங்கவிட்ட கறுப்புக் கம்பளியை நினைத்துப் பாருங்கள். அதுவும் இலவசமாக வந்ததல்ல. அந்தக் காலத்தில் அரிசிக்கும் கம்பளிக்கும் தொழிலாளியின் பெயரில் கடன் எழுதப்பட்டது. கடன் தீர்ந்தால் தான் "துண்டு" கிடைக்கும், வேறு தோட்டத்துக்குப் போகலாம். துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. ஆனால் கம்பளிக்காகக் கடன்படும் கதை இன்னும் முடியவில்லை.

யுத்தத்துக்குப் பின் வடக்கு, கிழக்கில் சுயதொழில் என்று சொல்லி நுண்கடன் எடுத்து, வாரத் தவணை கட்ட முடியாமல் தவித்த சகோதரிகள் எத்தனையோ பேர். 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே திட்டம் அறிவிக்க வேண்டி வந்தது. பின்னல் பொருள் எப்போது விற்கும் என்று சொல்ல முடியாது. தவணையோ ஒவ்வொரு வாரமும் வாசலில் நிற்கும். இரண்டும் ஒத்துவராது.

நாம் வாரம் ஐம்பது ரூபா வீதம் சீட்டுப் பிடிக்கிறோம். சீட்டு விழுந்தவள் நூல் வாங்குகிறாள். முதல் பொருள் விற்ற காசில் நூல் விலையை மட்டும் தனியாக ஒரு டப்பாவில் போடுகிறாள். அடுத்த நூல் அந்த டப்பாவில் இருந்து தான். மெதுவான வழி, ஆனால் இரவில் நித்திரை வரும்.

நாளைக்கு என்று எழுதுவது

எங்களோடு கேகாலைக்கு வந்த ஐந்தாவது ஆள் ஓர் அம்மா. வயது அறுபத்து மூன்று. 1983க்குப் பின் வவுனியாவுக்குப் போனவர். அங்கிருந்து பல தடவை இடம்பெயர்ந்து, 2009இல் மெனிக் பாம் வரை போய், கடைசியில் தங்கையின் லயத்துக்கே வந்து சேர்ந்தவர். கையில் பின்னல் அருமையாக வரும். ஆனால் கொப்பி கொடுத்தபோது ஒரு மாதமாக அதில் ஒன்றும் எழுதவில்லை. என்ன அம்மா என்று கேட்டேன்.

"என்னா புள்ள எழுதுறது? நான் அடுத்த மாசம்னு சொன்னதெல்லாம் நடந்ததே இல்ல. கெணறு வெட்டுனோம், வுட்டுட்டுப் போனோம். தென்னங்கன்னு வச்சோம், வுட்டுட்டுப் போனோம். கையில ஆரம்பிக்கிறத அன்னைக்கே முடிச்சிரணும். அதான் எனக்குப் பழக்கம்."

அவர் ஏன் எப்போதும் ஒரே நாளில் முடியும் தொப்பியை மட்டும் பின்னினார் என்பது அப்போது தான் எனக்கு விளங்கியது. நான் வற்புறுத்தவில்லை. பின்னல் மனக்காயத்துக்கு மருந்து என்று சொல்லவும் வரவில்லை. ஆனால் அன்று கடையில் மற்றவர்கள் கொப்பியைப் பார்த்துப் பார்த்து நூல் எடுத்துக்கொண்டிருந்தபோது அம்மா மஞ்சள் நூல் ஒன்றைக் கையில் எடுத்தார். லேபலைத் திருப்பினார். அடுத்ததை எடுத்தார். "லொட்டு நம்பரு ஒன்னு தானா பாரு புள்ள" என்றார். நான்கு உருண்டை வாங்கினார்.

திரும்பும் பஸ்ஸில் என் பேனையை வாங்கி எழுதினார். ஹட்டனில் மகளோடு இருக்கும் பேத்திக்குச் சுவெட்டர், வயது ஐந்து, மஞ்சள், நான்கு உருண்டை. தேதி எழுதும் இடத்தில் கொஞ்ச நேரம் பேனையைப் பிடித்தபடி இருந்தார். பிறகு "தை மாசம், பள்ளிக்கூடம் சேர்க்கிற அன்னைக்கி" என்று எழுதினார். அதற்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது.

சகோதரிகளே, அந்தச் சுவெட்டரின் பின்பக்கம் முடிந்துவிட்டது. முன்பக்கம் ஊசியில் இருக்கிறது.

நினைவில் வைக்க:

1. திட்டத்தை எழுதிய பிறகே நூல் வாங்குங்கள். ஒரு பொருளுக்கான நூலை ஒரே லொட்டில் வாங்குங்கள்.
2. கிராமோடு மீற்றரையும் பாருங்கள். மாதிரித் துண்டு பின்னாமல் கண்ணி ஏற்ற வேண்டாம்.
3. அடுப்படிப் பொருட்களுக்கு அக்ரிலிக் வேண்டாம்.
4. நூலை மூடியுள்ள தகரப் பெட்டியில், காய்ந்த வேப்பிலையோடு வையுங்கள். மாதம் ஒரு தடவை எடுத்துக் காற்றாட விடுங்கள்.
5. ஒவ்வொரு பொருளுக்கும் எடுத்த நேரத்தை எழுதுங்கள். உங்கள் நேரம் சும்மா வந்ததல்ல.
6. நூலுக்காக வாரத் தவணைக் கடன் எடுக்க வேண்டாம்.